வீட்டில் செய்யும் டெவலப்மென்ட் போர்டு: புரோகிராமரையும் அதே போர்டில் வைப்பது எப்படி?

தாமிரத்தடம்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பை பிரெட்போர்டில் வைத்துப் பழகி வருகிறேன். ஒவ்வொரு முறையும் புரோகிராமரின், அதாவது கணினியிலிருந்து சிப்பில் நிரலை எழுதும் பெட்டியின், ஆறு கம்பிகளை மாட்டிக் கழற்றுவதும், அதில் ஒன்று தளர்ந்துபோய், தப்பு நிரலிலா கம்பியிலா என்று அரைமணி நேரம் தேடுவதும் அலுத்துவிட்டது. அதனால் சொந்தமாக ஒரு போர்டு வரையப் போகிறேன். ஒரு யூஎஸ்பி கேபிளைச் செருகினால் மின்சாரமும் வர வேண்டும், நிரலும் ஏற வேண்டும். மேஜையில் வேறு பெட்டி எதுவும் வேண்டாம்.

இப்போதைக்கு யோசித்திருப்பது இதுதான். ஒற்றைப் பக்கச் செம்புப் பலகை, டோனர் டிரான்ஸ்ஃபர் (அச்சிட்ட தடங்களை இஸ்திரி போட்டுச் செம்பில் ஒட்டுவது), ஃபெரிக் குளோரைடில் அரிப்பு. ஒரு ஏடிமெகா8 சிப்பில் யூஎஸ்பிஏஎஸ்பி என்ற ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஓடும் நிரலை) போட்டு அதைப் புரோகிராமராக வைத்துக்கொள்வேன். பக்கத்தில் 328பி. இரண்டும் டிப் சாக்கெட்டில். இரண்டுக்கும் நடுவே மோசி, மிசோ (தரவு போக, வர), எஸ்சிகே (கடிகாரம்), ரீசெட் என்று நான்கு தடங்களை நேராக இழுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். எஸ்டி கார்டு மாட்யூலுக்கும் அதே எஸ்பிஐ கால்களில் (மோசி, மிசோ, எஸ்சிகே) ஒரு ஹெடர் வேண்டும். இதில் எங்கே இடறுவேன் என்று சொல்லுங்கள்.

ஈயப்புகை:

நல்ல முயற்சி. வரைய உட்காரும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ‘உள்ளேயே புரோகிராமர்’ என்று சொல்லும்போது மூன்று வேலைகள் அதில் கலந்து கிடக்கின்றன. ஃப்ளாஷில் நிரலை எழுதுவது ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் அனுப்பும் எழுத்துகளைக் கணினியில் பார்க்கிற சீரியல் இணைப்பு இன்னொன்று. நிரலை நடுவில் நிறுத்தி உள்ளே என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்க்கிற டீபக்கிங் மூன்றாவது. உங்களுக்கு எது எது வேண்டும்? சிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதை முதலில் முடிவு செய்யாவிட்டால், போர்டை அரித்துத் துளையிட்ட பிறகு மேலே கம்பி ஒட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தாமிரத்தடம்:

முதல் இரண்டும் கட்டாயம் வேண்டும் அண்ணா. டீபக்கிங் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சீரியல் யூஎஸ்பிஏஎஸ்பி வழியாகவே வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வராதா?

பழங்கிரிஸ்டல்:

வராது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயம் உங்கள் முழுத் திட்டத்தையும் மாற்றக்கூடியது.

ஏடிமெகா8க்குள் யூஎஸ்பி வன்பொருள் கிடையாது. வி-யூஎஸ்பி என்ற மென்பொருள் நூலகம் இரண்டு சாதாரணக் கால்களை அசைத்து யூஎஸ்பி பேசுகிறது. அது பேசுவது லோ ஸ்பீடு, அதாவது நொடிக்கு 1.5 மெகாபிட். லோ ஸ்பீடு சாதனங்களுக்கு பல்க் எண்ட்பாயிண்ட் (மொத்தமாகத் தரவு அனுப்பும் வழி) வைத்துக்கொள்ள யூஎஸ்பி விதியில் அனுமதி இல்லை. சீரியல் போர்ட்டாகத் தோன்றும் சிடிசி வகைக்கோ அந்த பல்க் எண்ட்பாயிண்ட்தான் வேண்டும். விதியை மீறி எழுதிய ஃபர்ம்வேர்கள் இருக்கின்றன. ஒரு கணினியில் ஓடும், இன்னொன்றில் ஓடாது. நம்பிப் போர்டில் வைக்க முடியாது. ஆக யூஎஸ்பிஏஎஸ்பி நிரலை ஏற்றும், அதோடு அதன் வேலை முடிந்தது.

ஆனாலும் அதைக் கட்டிப் பார்ப்பது நல்ல பாடம். கட்டுவதாக இருந்தால் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். யூஎஸ்பியின் தரவுக் கம்பிகளான டி பிளஸ், டி மைனஸ் இரண்டிலும் 68 ஓம் தொடர் ரெசிஸ்டர். ஏவிஆர் (ஏடிமெகா8, 328பி எல்லாம் அந்தக் குடும்பம்தான்) 5 வோல்ட்டில் ஓடுவதால் அந்த இரண்டு கம்பிகளையும் 3.6 வோல்ட் ஸீனர் டையோடு போட்டு அடக்க வேண்டும். லோ ஸ்பீடு சாதனம் என்று கணினிக்குச் சொல்ல டி மைனஸில் ஒரு புல்-அப் (கம்பியை மேலே இழுத்து வைக்கும்) ரெசிஸ்டர். அதைத் தப்பித்தவறி டி பிளஸில் போட்டால் ஃபுல் ஸ்பீடு சாதனம் என்று கணினி நினைத்துக்கொள்ளும், எதுவும் நடக்காது. கிரிஸ்டல் 12 மெகாஹெர்ட்ஸ். உள் ஆசிலேட்டரை நம்ப வேண்டாம். கிரிஸ்டலின் லோடு 18 பிக்கோஃபாரட் என்றால் இரண்டு பக்கமும் 27 பிக்கோஃபாரட் போடுங்கள். தடங்களும் சாக்கெட்டும் சேர்க்கிற நான்கைந்து பிக்கோஃபாரட்டையும் கணக்கில் எடுத்தால் அது சரியாக வரும்.

அப்புறம் கோழியும் முட்டையும். புரோகிராமர் சிப்புக்கே முதலில் யார் நிரல் எழுதுவது? ஒரு ஆர்டுயினோ இருந்தால் அதில் ஆர்டுயினோஐஎஸ்பி ஸ்கெட்சை ஏற்றி இந்த ஒரு முறைக்குப் பயன்படுத்துங்கள். ஸ்கெட்சை ஏற்றிய பிறகு அந்த ஆர்டுயினோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் போட வேண்டும். இல்லையென்றால் ஏவிஆர்டியூட் (கணினியில் ஓடும் நிரலேற்று மென்பொருள்) போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் அது தானே ரீசெட் ஆகிவிடும். உங்கள் போர்டிலும் புரோகிராமர் சிப்பின் ரீசெட்டுக்கு ஒரு ஜம்பர் ஒதுக்கி வையுங்கள். பின்னால் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க அந்த வழிதான் இருக்கும்.

ரீசெட்_விரல்:

இவ்வளவு சுற்று எதற்கு? 328பியில் ஆப்டிபூட் பூட்லோடர் (சீரியல் வழியாக நிரலை வாங்கித் தானே எழுதிக்கொள்ளும் சின்ன நிரல்) போட்டு, பக்கத்தில் ஒரு சிஎச்340 யூஎஸ்பி-சீரியல் சிப் வைத்தால் நிரலும் ஏறும், சீரியலும் வரும். ஆப்டிபூட் 512 பைட்தான், 32 கிலோபைட்டில் அது ஒரு பொருட்டே இல்லை. சிஎச்340இன் டிடிஆர் கம்பியிலிருந்து 100 நானோஃபாரட் வழியாக ரீசெட்டுக்கு ஒரு தடம், ரீசெட்டுக்கு 10 கிலோ ஓம் புல்-அப். முடிந்தது.

பழங்கிரிஸ்டல்:

ஒத்துக்கொள்கிறேன், பலருக்கு அது போதும். என் தயக்கம் இரண்டு. பூட்லோடர் இல்லாத புதுச் சிப்பைச் சாக்கெட்டில் வைத்தால் மறுபடி வெளிப் புரோகிராமர் தேட வேண்டும். அவர் ஒழிக்க நினைத்ததே அந்தப் பெட்டியைத்தான். இன்னொன்று, ஃபியூஸ் பிட்களை (கடிகாரம் போன்ற அடிப்படை அமைப்புகளை) பூட்லோடரால் எழுத முடியாது. கற்றுக்கொள்கிறவருக்கு ஃபியூஸோடு விளையாட வேண்டியிருக்கும்.

பூட்லோடர் வழியில் போகிறவர்கள் ஒரு டையோடை மறக்காதீர்கள். டிடிஆர் கம்பி மேலே ஏறும்போது அந்தக் கெப்பாசிட்டர் ரீசெட் காலை 5 வோல்ட்டுக்கும் மேலே தூக்கிவிடும். ஏவிஆரில் ரீசெட் காலுக்கு 12 வோல்ட் போனால் ஹை வோல்டேஜ் புரோகிராமிங்குக்கான வாசல் அது. அதனாலேயே மற்றக் கால்களில் இருக்கும் பாதுகாப்பு டையோடு அந்தக் காலில் மேல்பக்கம் கிடையாது. ரீசெட்டிலிருந்து விசிசிக்கு (5 வோல்ட் கம்பிக்கு) ஒரு 1என்4148 போட்டால் துள்ளல் அங்கேயே அடங்கும்.

16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் 115200 பாட் (சீரியல் வேகம்) சரியாக வகுபடாது என்பதையும் நினைவில் வையுங்கள். இரட்டை வேகத்தில் கிடைப்பது 117647, சுமார் 2.1 சதவீதப் பிழை. பெரும்பாலும் ஓடிவிடும். எதிர்முனையும் கொஞ்சம் விலகியிருந்தால் குப்பை எழுத்து வரும். 14.7456 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் இந்தப் பிழை பூஜ்யம்.

ஒற்றைக்கம்பி:

328பியை விட்டு வெளியே வரத் தயாரா? தயாரென்றால் இந்தக் கோழி-முட்டைப் பிரச்சினையே உங்களுக்கு இல்லை.

புதிய ஏவிஆர்களில், அதாவது ஏடிடைனி 0, 1 வரிசைகள், ஏடிமெகா4809, ஏவிஆர்-டிஏ, டிபி வரிசைகளில், மோசி, மிசோ வழியாக நிரலேற்றும் நான்கு கம்பி ஐஎஸ்பி போய்விட்டது. யூபிடிஐ என்ற ஒரே கம்பி. அதில் ஓடுவது சாதாரண யூஏஆர்டி (சீரியல்) சட்டகம்தான், ஒரே கம்பியில் மாறி மாறிப் பேசுவது மட்டுமே வித்தியாசம். அதனால் எந்த யூஎஸ்பி-சீரியல் சிப்பும் புரோகிராமராகிவிடும். அதற்குள் ஃபர்ம்வேர் எழுத வேண்டியதில்லை. கடையிலிருந்து வந்த சிஎச்340ஐ சால்டர் செய்த நிமிடமே புரோகிராமர் தயார். ஏவிஆர்டியூடின் 7ஆம் பதிப்புகளில் சீரியல்யூபிடிஐ என்ற பெயரில் இதற்கு ஆதரவு இருக்கிறது.

சுற்று இவ்வளவுதான்: சிஎச்340இன் ஆர்எக்ஸ் நேராக யூபிடிஐ முனைக்கு. டிஎக்ஸிலிருந்து அதே முனைக்கு ஒரு ஷாட்கி டையோடு, அதன் பட்டை போட்ட பக்கம் டிஎக்ஸைப் பார்த்து. அந்த முனைக்கும் சிப்பின் காலுக்கும் நடுவே 470 ஓம். டிஎக்ஸ் தாழும்போது டையோடு வழியாகக் கம்பியைக் கீழே இழுக்கும். உயரும்போது டையோடு தடுத்துவிடும், சிப் பேசுவதற்குக் கம்பி விடுபட்டிருக்கும். 1என்4148 போட்டால் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. அதன் 0.7 வோல்ட் இறக்கத்தால் ‘கீழ்’ என்பது போதுமான அளவு கீழே போவதில்லை. ஷாட்கியே போடுங்கள்.

நான் பரிந்துரைப்பது ஏவிஆர்128டிஏ28. 28 கால் டிப், அதனால் சாக்கெட்டில் உட்காரும். ஃப்ளாஷ் 128 கிலோபைட், எஸ்ராம் 16 கிலோபைட். 328பியில் இவை 32ம் 2ம். உள் ஆசிலேட்டரே 24 மெகாஹெர்ட்ஸ் போகும், கிரிஸ்டல் வேண்டாம். யூபிடிஐக்கென்று தனிக் கால் இருப்பதால் ஃபியூஸைத் தப்பாக எழுதிச் சிப்பை வெளியே நிறுத்திப் பூட்டிவிடும் பயமும் இல்லை. டைனி 0, 1 வரிசைகளில் யூபிடிஐயும் ரீசெட்டும் ஒரே கால், அங்கே அந்த பயம் உண்டு.

செம்புத்தூசி:

ஆர்பி2040 பற்றி யாரும் பேசவில்லையே? 2021இல் வந்தது. அதன் உள் ரோமிலேயே யூஎஸ்பி பூட்லோடர் இருக்கிறது. பூட்செல் பொத்தானை அழுத்திக்கொண்டு செருகினால் பென் டிரைவ் மாதிரி தெரியும், யூஎஃப்2 கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது. ரோமை யாராலும் அழிக்க முடியாது என்பதால் நிரந்தரமாகக் கெட்டுப்போகிற பேச்சே இல்லை.

ஆனால் அரித்துச் செய்கிறவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 56 கால் க்யூஎஃப்என் உறை (கால்கள் வெளியே நீட்டாதது), கால்களுக்கு நடுவே 0.4 மில்லிமீட்டர், அடியில் கிரவுண்ட் பேட். டோனர் முறையில் எனக்கு நம்பிக்கையாக வருவது 0.8 மில்லிமீட்டர் வரைதான். பொறுமையாகச் செய்தால் 0.5 வரும், பாதிப் பலகைகள் குப்பைக்குப் போகும். இதற்கு ஒரு மாற்று வழி: பிக்கோ மாட்யூலையே வாங்கி, அதன் ஓரத்துப் பாதித் துளைகளை உங்கள் போர்டில் நேராகச் சால்டர் செய்து, அதில் டீபக்புரோப் ஃபர்ம்வேர் போடுங்கள். எஸ்டபிள்யூடி (ஆர்ம் சிப்களின் இரண்டு கம்பி முறை) புரோகிராமிங், சீரியல், டீபக்கிங் மூன்றும் ஒரே மாட்யூலில் கிடைக்கும். டார்கெட்டாக, அதாவது நிரல் ஏற வேண்டிய சிப்பாக, எல்க்யூஎஃப்பி32 உறையில் வரும் எஸ்டிஎம்32 ஏதாவது ஒன்றை வைக்கலாம், அதன் இடைவெளி 0.8தான். ஈயப்புகை கேட்ட மூன்றாவது கேள்விக்கு வீட்டில் செய்யக்கூடிய பதில் இதுதான் என்பேன்.

தாமிரத்தடம்:

மூன்று வழிகளையும் திரும்பத் திரும்பப் படித்தேன். யூஎஸ்பிஏஎஸ்பியை ஒரு தடவை என் கையால் கட்டிப் பார்க்க ஆசை. முதல் பதிப்பை அப்படியே செய்கிறேன், சீரியலுக்குத் தனி ஹெடர். அதில் கற்றுக்கொண்டு இரண்டாவது பதிப்பில் ஒற்றைக்கம்பி சொன்ன வழிக்கு வருகிறேன். பலகை அரிப்பதில் ஏதாவது எச்சரிக்கை உண்டா?

செம்புத்தூசி:

நிறைய உண்டு, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தடம் 0.5, இடைவெளி 0.4 மில்லிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள். சிப் கால்களுக்கு நடுவே போகிற இடத்தில் மட்டும் சுருக்குங்கள். பேட்களை நூலகத்தில் இருப்பதைவிடப் பெரிதாக்குங்கள், டிப் சாக்கெட்டுக்கு 1.6க்கு 2.2 நீள்வட்டம் எனக்குப் பிடித்த அளவு. துளை 0.8, பின் ஹெடர்களுக்கு 1. காலி இடமெல்லாம் கிரவுண்டாக நிரப்புங்கள், அரிக்க வேண்டிய செம்பும் குறையும், அமிலமும் மிச்சம்.

அச்சிடும்போது எல்லோரும் ஒரு தடவையாவது குழம்பும் இடம் கண்ணாடிப் பிம்பம். கீழ் அடுக்கைக் கைகேட் (போர்டு வரையும் மென்பொருள்) காட்டுகிறபடியே, திருப்பாமல் அச்சிட வேண்டும். அந்த அடுக்கில் நாலு எழுத்து எழுதி வையுங்கள். காகிதத்தில் எழுத்து திரும்பித் தெரிந்தால் செம்பில் நேராக வரும். ஒவ்வொரு முறையும் இஸ்திரிப் பெட்டியைத் தொடும் முன் அந்த எழுத்தைப் பார்ப்பேன்.

ஒவ்வொரு சிப்பின் விசிசி காலுக்கும் ஏவிசிசி (அனலாக் பகுதிக்கான மின்சார) காலுக்கும் 100 நானோஃபாரட், காலுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். ஏடிசி பயன்படுத்தாவிட்டாலும் ஏவிசிசியை இணைத்தே ஆக வேண்டும். யூஎஸ்பியின் 5 வோல்ட்டில் நேரடியாக 10 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் தொங்கவிடாதீர்கள், செருகும் நொடியில் இழுக்கிற மின்னோட்டத்துக்கு விதியில் இருக்கும் வரம்பு அது. 500 மில்லியாம்பியர் பாலிஃபியூஸ் ஒன்றும் போடுங்கள். டெவலப்மென்ட் போர்டில் என்றைக்காவது ஒருநாள் ஷார்ட் ஆகத்தான் போகிறது.

ஈயப்புகை:

வரைபடத்தில் இதையும் சேருங்கள். புரோகிராமருக்கும் டார்கெட்டுக்கும் நடுவே தடங்களை நேராக இழுக்க வேண்டாம். நான்கு சிக்னல்கள், விசிசி, எல்லாவற்றையும் ஜம்பர் வழியாக விடுங்கள். எஸ்டிமைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் நியூக்ளியோ போர்டுகளைப் பார்த்தால் தெரியும்: எஸ்டி-லிங்க் என்ற புரோகிராமர் பகுதி ஒரு பக்கம், டார்கெட் ஒரு பக்கம், நடுவே ஜம்பர்கள். ஜம்பரை எடுத்துவிட்டால் அதே எஸ்டி-லிங்கால் வெளியே இருக்கும் இன்னொரு போர்டை நிரலேற்றலாம். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும், காரணம் வேறு: ஏதாவது ஓடவில்லை என்றால் ஜம்பரைக் கழற்றி, கோளாறு எந்தப் பாதியில் என்று ஒரே நிமிடத்தில் பிரித்துவிடலாம். நேராக இழுத்த தடத்தில் கத்தி வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

தாமிரத்தடம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். போர்டு ஆயிற்று. அரிப்பு நன்றாக வந்தது, ஒரே ஒரு தடம் மட்டும் மயிரிழை விரிசல், சால்டர் ஓட்டிச் சரிசெய்தேன். ஏடிமெகா8க்கு ஃபர்ம்வேர் எழுதி, ஃபியூஸைத் திரும்பப் படித்துச் சரிபார்த்தேன்.

யூஎஸ்பியில் செருகினால் ‘அடையாளம் தெரியாத சாதனம்’ என்று வருகிறது. வேறு இரண்டு கணினிகளிலும் அதே கதை. ஜம்பர்களை எல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. எனவே கோளாறு புரோகிராமர் பாதியில். கிரிஸ்டல் ஓடுகிறது. டி மைனஸ் கம்பியில் மல்டிமீட்டர் வைத்தால் 2.1 வோல்ட். அது சரியா?

பழங்கிரிஸ்டல்:

சரியில்லை. சும்மா இருக்கும்போது டி மைனஸ் 2.7 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. ஸீனரின் மேல் என்ன எண் எழுதியிருக்கிறது?

தாமிரத்தடம்:

1என்4729ஏ. 3.6 வோல்ட்தானே?

பழங்கிரிஸ்டல்:

3.6 வோல்ட்தான், ஆனால் 1 வாட் ஸீனர். அதன் 3.6 என்ற எண் 69 மில்லியாம்பியர் ஓடும்போது அளந்தது. உங்கள் புல்-அப் வழியாக ஓடுவது ஒன்றிரண்டு மில்லியாம்பியர். இவ்வளவு குறைந்த வோல்டேஜ் ஸீனர்களின் வளைவு மிக மெத்தனமானது. சின்ன மின்னோட்டத்திலேயே கசிந்து வோல்டேஜைக் கீழே இழுத்துவிடும். பெரிய ஸீனருக்குக் கெப்பாசிட்டன்ஸும் அதிகம், சிக்னலின் ஓரங்களை மழுங்கடிக்கும். 500 மில்லிவாட் அல்லது அதற்கும் சின்னது போடுங்கள். வி-யூஎஸ்பி கட்டுகிறவர்கள் ‘ஃபர்ம்வேர் சரியில்லை’ என்று நாள்கணக்கில் தேடுகிற கோளாறுகளில் பாதி இந்த ஸீனரில்தான் முடிகிறது.

தாமிரத்தடம்:

மாற்றினேன். 2.9 வோல்ட். செருகியவுடன் கணினி பெயர் சொல்லி அடையாளம் கண்டது! உண்மையில் அந்த நொடி எழுந்து நின்றுவிட்டேன். என் கையால் அரித்த பலகையைக் கணினி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

ஆனால் அடுத்த கதவு பூட்டியிருக்கிறது. பழைய 328பி நிரலேறுகிறது. புதிதாக வாங்கியதை வைத்தால் ‘டார்கெட் பதில் தரவில்லை’ என்கிறது.

ரீசெட்_விரல்:

இது எனக்குத் தெரியும். ஆலையிலிருந்து வரும் 328பி 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். உள் ஆசிலேட்டர் 8, அதை எட்டால் வகுக்கும் ஃபியூஸ் போட்டே வரும். ஐஎஸ்பியின் எஸ்சிகே, சிப்பின் கடிகாரத்தில் கால்பங்குக்குக் கீழே இருக்க வேண்டும், அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே. யூஎஸ்பிஏஎஸ்பி தானாக எடுப்பது 375. ஏவிஆர்டியூடில் பெரிய பி சுவிட்சுக்கு 10 கொடுங்கள், 93.75க்கு இறங்கிவிடும். ஃபியூஸை மாற்றிய பிறகு வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம்.

தாமிரத்தடம்:

ஏறிவிட்டது, நன்றி! கடைசியாக ஒன்று. எஸ்டி கார்டு மாட்யூலை ஹெடரில் மாட்டினால் நிரல் ஏறுவதில்லை. கழற்றினால் ஏறுகிறது. கார்டின் சிஎஸ் (கார்டைத் தேர்ந்தெடுக்கும்) காலைத் தொடவே இல்லையே?

ஈயப்புகை:

தொடாததுதான் சிக்கலின் ஒரு பாதி. நிரலேற்றும்போது டார்கெட் ரீசெட்டில் கிடக்கிறது, அதன் கால்கள் எல்லாம் மிதக்கின்றன. சிஎஸ்ஸும் மிதக்கிறது, கார்டு தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். சிஎஸ்ஸிலிருந்து விசிசிக்கு 10 கிலோ ஓம் போடுங்கள். எஸ்பிஐ வரிசையில் தொங்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் இது வேண்டும்.

இன்னொரு பாதி மாட்யூலிலேயே இருக்கலாம். லெவல் மாற்றுவதற்கு 125 வகை பஃபர் வைத்த மாட்யூல்கள் பலவற்றில் மிசோவுக்கான பஃபரின் எனேபிள் காலை நிரந்தரமாகக் கிரவுண்டில் கட்டிவைத்திருப்பார்கள். கார்டு பேசாவிட்டாலும் பஃபர் மிசோவைப் பிடித்துக்கொண்டே இருக்கும். 328பி பதில் சொல்ல வாய் திறந்தால் எதிரே இன்னொருவர் கத்திக்கொண்டிருக்கிறார். மாட்யூலின் மிசோவுக்கும் பொது மிசோ தடத்துக்கும் நடுவே 1 கிலோ ஓம் போடுங்கள். மாட்யூல் பக்கம் மட்டும். புரோகிராமருக்கும் டார்கெட்டுக்கும் நடுவே உள்ள தடத்தில் ஜம்பர் மட்டும் போதும், ரெசிஸ்டர் வேண்டாம். அப்போது டார்கெட்டின் குரல் ஓங்கும், டார்கெட் மௌனமாக இருக்கும்போது கார்டின் குரலும் கேட்கும்.

தாமிரத்தடம்:

இரண்டும் செய்தேன், மாட்யூல் மாட்டியபடியே ஏறுகிறது. ஒரு தடத்தை வெட்டித்தான் அந்த 1 கிலோ ஓமை நுழைக்க வேண்டியிருந்தது.

இப்போது இரண்டாவது பதிப்பு. ஏவிஆர்128டிஏ28, சிஎச்340சி. சி வகைக்கு வெளிக் கிரிஸ்டல் வேண்டாம், கால் இடைவெளி 1.27 என்பதால் அரிக்கவும் சுலபம். ஒரு சந்தேகம்: சிஎச்340 ஒன்றுதான், யூபிடிஐக்கும் சீரியலுக்கும் அதையே எப்படிப் பங்கு போடுவது?

ஒற்றைக்கம்பி:

நான் பயன்படுத்துவது ஒரு டிபிடிடி (இரண்டு கம்பிகளை ஒரே தள்ளலில் மாற்றும்) ஸ்லைடு சுவிட்ச். நடுக்கால்கள் இரண்டில் சிஎச்340இன் டிஎக்ஸ், ஆர்எக்ஸ். ‘ஓட்டு’ பக்கம் தள்ளினால் டிஎக்ஸ் பிஏ1க்கு, ஆர்எக்ஸ் பிஏ0க்கு. சிப்பின் சீரியல் பகுதியான யூசார்ட்0இன் இயல்பான கால்கள் அவை. ‘எழுது’ பக்கம் தள்ளினால் டிஎக்ஸ் ஷாட்கி வழியாகவும், ஆர்எக்ஸ் நேராகவும் யூபிடிஐ முனைக்கு. ‘எழுது’ பக்கம் இருக்கும்போது பிஏ1 மிதக்கும், அதனால் நிரலில் அந்தக் காலின் உள் புல்-அப்பைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் யூசார்ட்டில் பேய் எழுத்துகள் வரும். சிஎச்340 5 வோல்ட்டில் ஓடுவதால் அதன் வி3 காலிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட், 3.3 வோல்ட்டில் ஓட்டினால் வி3யை விசிசியோடு சேர்க்க வேண்டும்.

இரண்டு சேனல் சிபி2105 போட்டால் சுவிட்சே வேண்டாம். ஆனால் அது 0.5 இடைவெளி க்யூஎஃப்என், செம்புத்தூசி சொன்ன எல்லையைத் தாண்டிவிடும்.

தாமிரத்தடம்:

போர்டு ஓடுகிறது. முதல் பதிப்போடு ஒப்பிட்டால் பாகங்கள் பாதிகூட இல்லை. 230400 பாட்டில் நிரல் ஏறுகிறது. பூட்லோடர் இல்லாததால் சீரியல் மானிட்டரைத் திறக்கும்போது சிப் ரீசெட் ஆவதும் நின்றுவிட்டது. மணிக்கணக்கில் ஓடும் அளவீட்டை இப்போது நடுவில் எட்டிப்பார்க்க முடிகிறது. சுவிட்சைத் திருப்ப மறந்து ‘பதில் இல்லை’ என்று இரண்டு முறை திட்டு வாங்கினேன், எனவே சுவிட்சின் இரு பக்கமும் செம்பிலேயே ‘எழுது’, ‘ஓட்டு’ என்று அரித்து வைத்திருக்கிறேன்.

முதல் போர்டையும் தூக்கிப் போடவில்லை. ஈயப்புகை அண்ணா சொன்னபடி ஜம்பர்களைக் கழற்றிவிட்டு, பழைய 328பி வேலைகளுக்கு அதன் புரோகிராமர் பாதி தனியாக ஓடுகிறது.

யூஎஸ்பி பி சாக்கெட் பெரிதாக இருக்கிறது, அடுத்ததில் டைப் சி போடலாமா?

செம்புத்தூசி:

போடலாம். 16 கால் சாக்கெட்டின் பேட்கள் 0.5 இடைவெளி என்பதால் சாக்கெட் ஏற்கெனவே சால்டர் செய்த சின்னப் பலகையாக வாங்கி உங்கள் போர்டில் ஹெடர் வழியாக உட்கார வையுங்கள். வாங்கும் முன் அதில் சிசி1, சிசி2 கால்கள் இரண்டுக்கும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் கிரவுண்டுக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டால் சி முனையிலிருந்து சி முனைக்குப் போகிற கேபிளில் மின்சாரமே வராது, ஏ முனை கேபிளில் மட்டும் ஓடும். இரண்டையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் கட்டுவதும் தப்பு. 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4இன் முதல் பதிப்பில் அப்படித்தான் இருந்தது, சிப் வைத்த கேபிள்கள் அதை ஆடியோ சாதனம் என்று நினைத்து மின்சாரம் தர மறுத்தன.

தாமிரத்தடம்:

நல்லவேளை கேட்டேன். என் வரைபடத்தில் ஒரே ரெசிஸ்டர்தான் போட்டிருந்தேன். இப்போதே இரண்டாக்குகிறேன்.